கொம்பு படுவான் பக்கம்

ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே மண்டபத்தில் இருந்தவர்களே, போன மாதம் களுவாஞ்சிக்குடியில் நாம் கூடியபோது நான் சிரித்த ஒரு சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பாடு முடிந்து, பல் இருந்தவர்கள் வெற்றிலையும் இல்லாதவர்கள் தேநீருமாக உட்கார்ந்திருந்த நேரம். நம் மொனிற்றர், அன்றைக்குக் கையில் பிரம்போடு நம்மை மேய்த்தவன், என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "டேய் கவிண்ட தோணி, அந்த ரவுண் ரீச்சர் விடையெல்லாம் சொல்லித் தந்துதானேடா நீ பாஸ் பண்ணினநீ!" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போது ஓட்டோவுக்குள்ளேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கு வாசிக்கத் தெரியாது. பாடப்புத்தகத்தை நீங்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே மனதில் ஏற்றிவைத்திருந்தேன். எழும்பி வாசி என்றால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்புவிப்பேன். ஒரு நாள் நான் யானையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது என் புத்தகத்தில் தென்னையின் படம் விரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவன் மட்டும் அதைக் கண்டு, ஒரு மாங்காய்த் துண்டு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

எனக்கு அந்த எழுத்துகளோடு என்ன சண்டை என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு வரியை வாசிக்கத் தொடங்கினால் கண் அடுத்த வரிக்குள் விழுந்துவிடும். ஒரே சொல் மேலே ஒரு மாதிரியும் கீழே வேறு மாதிரியும் தெரியும். எல்லாவற்றிலும் பெரிய தொல்லை கொம்பு. 'கெ' என்று எழுதும்போது எழுத்துக்கு முன்னால் போடுகிறோமே, அந்தக் கொம்பு. அதை எந்தப் பக்கம் போடுவது? 'கா' என்று எழுதும்போது பின்னால் வருகிற அரவை எந்தப் பக்கம் போடுவது? அந்தக் காலத்தில் லை, னை எல்லாம் தலையில் தும்பிக்கை வைத்து எழுதுவோம், ஞாபகமா? அவை எனக்குப் பிடிக்கும். தும்பிக்கை எழுத்தோடு ஒட்டியிருக்கும், பக்கம் தேட வேண்டியதில்லை. பிறகு அவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

நாலாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு வருடம் கூடுதலாக இருந்தவன் நான். ஆற்றைக் கடந்துபோய்ப் படுவான்கரை வயல்வட்டையில் வேளாண்மை செய்த அப்பா, வருடம் தொடங்கும்போதே தீர்ப்பைச் சொல்லியிருந்தார்.

"இந்தமுறையும் கோட்டை விட்டான் எண்டா செங்கலடிக்கு அனுப்பிருவன். மாமாட அரிசிக் கடையில மூட்டை தூக்கட்டும்."

செங்கலடி என்றால் எனக்கு அப்போது நாடுகடத்தல்.

மூன்றாம் தவணையில்தான் ரீச்சர் வந்தார். பட்டணமான புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, பஸ்ஸில் வந்த களைப்பு முகத்திலேயே இருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நாம் அவரை ரவுண் ரீச்சர் என்றோம். நல்லவர் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். அன்றைக்கு அவருடைய அடிமட்டம் நம் விரல் கணுக்களை நன்றாக அறிந்திருந்தது.

வந்த கிழமையே சொல்வதெழுதல் வைத்தார். அதில் ஒரு சொல் தோணி. என் கொப்பியைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். கொம்பு பின்னால் நின்றது, அரவு முன்னால் நின்றது.

"இது தோணியா? கவிண்ட தோணியா?"

கவிழ்ந்த தோணி, என் பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. உங்கள் சிரிப்பு அடங்கிய பிறகு என்னை முன்னுக்குக் கூப்பிட்டு, காதைப் பிடித்தார்.

"கொம்பு எந்தப் பக்கம் போடவேணும்? சொல்லு."

"படுவான் பக்கம் ரீச்சர்."

"என்ன?"

"கொம்பு படுவான் பக்கம். அரவு எழுவான் பக்கம்."

நீங்கள் இன்னும் சிரித்தீர்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துக் காதை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். நான் அழுதுகொண்டே சொன்னேன், எனக்கு அப்படித்தான் அம்மா காட்டித்தந்தவ என்று. உண்மைதான். எங்கள் வீட்டில் இடம் வலம் என்று யாரும் பேசியதில்லை, பொழுது எழும் கிழக்கு எழுவான், பொழுது படும் மேற்கு படுவான். "எழுவான் பக்கம் தள்ளி இரு மனே", "சட்டி படுவான் பக்கத்துச் சுவரடியில இரிக்கி", இப்படித்தான். முற்றத்து மணலில் வடக்கே பார்த்து இருத்திவைத்து அம்மா முதல் எழுத்துகளைக் காட்டினார். அப்படி இருந்தால் ஆறு இடப்பக்கம், கடல் வலப்பக்கம். கொம்பு ஆற்றுப் பக்கம், அரவு கடல் பக்கம். அது என் கையில் அப்படியே ஊறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெற்குச் சுவரில் இருந்தது. நாம் எல்லோரும் தெற்கே பார்த்து உட்கார்ந்தோம், ஆறு வலப்பக்கம் வந்துவிட்டது. நான் அம்மா சொன்னபடியே, கொம்பை ஆற்றுப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தேன்.

புளியந்தீவில் நாலு பக்கமும் தண்ணீர். ரீச்சருக்குத் தண்ணீர் ஒரு திசை இல்லை. அதனால்தானோ என்னவோ, விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "படுவான் எங்க? காட்டு" என்றார். நான் அரைச்சுவருக்கு மேலால் ஆற்றைக் காட்டினேன். அவர் ஆற்றைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். காதை விட்டார்.

"கிறுகி இரு" என்றார்.

நான் விளங்காமல் நின்றேன்.

"உன்னைத்தான். வாங்கைக் கிறுக்கிப் போட்டு, வடக்கே பார்த்து இரு."

மொனிற்றரும் இன்னொருவனும் நான் இருக்கிற வாங்கைத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள். உங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லை, உங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ரீச்சர் அதே சொற்களைத் திரும்பச் சொன்னார். தோணி, கோயில், கொக்கு. என் தோணி நிமிர்ந்து நின்றது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். திசை எனக்கு மருந்து இல்லை, ஒரு பிடிமானம். வரிகள் இன்னும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்தன. ஆனால் அன்றைக்குப் பிறகு ரீச்சர் என்னை அடிக்கவில்லை. அதற்குப் பதில் என்னை ஒரு கணக்கைப் போலப் பார்க்கத் தொடங்கினார். இப்படிப் போட்டால் வருகிறதா, அப்படிப் போட்டால் வருகிறதா.

சட்டைத்துணி மடித்து வரும் மட்டை ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு வரி அளவுக்கு நீளமாக ஒரு ஓட்டை வெட்டினார். அதை வினாத்தாளில் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். மற்ற வரிகள் மூடியிருக்கும். அந்த மட்டையில் புதுத்துணிக் கஞ்சி வாசம் இருந்தது. பரீட்சை என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த வாசம்தான். எந்த வெள்ளத்தில் போனதோ, மட்டை இப்போது இல்லை.

கிழமைப் பரீட்சையில் உங்களுக்கு முழுத் தாளையும் கொடுத்துவிட்டு, எனக்கு ஒவ்வொரு கேள்வியாகக் கத்தரித்துத் தந்தார். ஒன்றை முடித்துக் கொடுத்தால்தான் அடுத்த துண்டு. கணக்கில் கேள்வியைத் தானே வாசித்துக் காட்டினார், ஏனென்றால் எனக்குக் கணக்குத் தெரியும், கணக்கைச் சொல்லும் தமிழ்தான் தெரியாது. மணி அடித்து நீங்கள் ஓடிய பிறகும் நான் எழுதிக்கொண்டிருக்கலாம். ரீச்சர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு காவல் இருப்பார்.

"ரீச்சர், அவனுக்கு மட்டும் லேசான கேள்வியா?" என்று மொனிற்றர் ஒரு நாள் கேட்டான்.

"உன்ட கேள்விதான்டா. வேணுமெண்டா நீயும் கிறுகி இருந்து எழுது."

அவர் எனக்கு ஒரு புள்ளிகூடச் சும்மா போட்டதில்லை. பிழை என்றால் பிழைதான். ஒரு நாள் நான் ஒரே கேள்வியில் திரும்பத் திரும்பத் தடுமாறியபோது பொறுமை இழந்து மட்டையை வீசி எறிந்தார். பிறகு தானே போய் எடுத்துவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, "நீ பாஸ் பண்ணினாத்தான் எனக்கும் பேர் மனே. நீ மட்டும் இல்ல, நானும் இஞ்ச பரீட்சைதான் எழுதுறன்" என்றார். ஒரு பெரிய ஆள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தவணையில் என் புள்ளிகள் ஏறின. அப்பா செங்கலடி என்ற சொல்லைச் சொல்வதை நிறுத்தினார்.

பிறகு மாரி வந்தது. வருடக் கடைசிப் பரீட்சையும் வந்தது. வெள்ளம் பள்ளிக்கூடப் படியில் நின்றது. ஆற்றுப் பக்கத்து அரைச்சுவருக்கு மேலே தென்னோலைக் கிடுகுத் தட்டிகளை இறக்கிக் கட்டியிருந்தார்கள். கடைசிப் பரீட்சைக்கு ஆசிரியர்கள் வகுப்பு மாறி மேற்பார்வை செய்வது வழக்கம். ரீச்சர் அங்கே சின்ன வகுப்பில். நம் வகுப்புக்குப் பெரியசேர், தலைமை ஆசிரியரே வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது நான்தான். எல்லா வாங்கும் ஒரு பக்கம் பார்க்க, ஒரு வாங்கு மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து.

"இதென்ன கோலம்? நேராப் போடுங்கடா."

மொனிற்றர் ஓடிவந்து திருப்பினான். என் மட்டையைப் பெரியசேர் வாங்கி மேசையில் வைத்தார். பரீட்சையில் தாளும் பேனையும் தவிர வேறொன்றும் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அவர் செய்தது அநியாயம் இல்லை. எல்லோருக்கும் ஒன்றையே செய்வதுதான் நியாயம் என்று நம்பியவர் அவர். நானும் பின்னாளில் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தட்டி மூடியிருந்தது. ஆறு தெரியவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டு, மறுபக்கம், மறுபக்கம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை. மழை வீசிய பக்கத்தை வைத்து ஆற்றைத் தேடிப்பிடித்து, கொம்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டது. வரிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று புரண்டன. மணி அடித்தபோது பாதித் தாள் வெறுமை.

சில நாட்கள் கழித்துப் பெரியசேர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் அப்பா, ரீச்சர், நான். மேசையில் என் கிழமைப் பரீட்சைத் தாள்களும் கடைசித் தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் நிமிர்ந்த தோணிகள். மற்றதில் எல்லாம் கவிழ்ந்தவை.

பெரியசேர் என்னைப் பார்த்தார். "பயப்படாமச் சொல்லு. கிழமைச் சோதினையில ரீச்சர் உனக்குச் சொல்லித் தந்தவவோ?"

நான் என்ன சொல்வேன்? அம்மாவுக்குப் பிறகு எனக்குச் சொல்லித் தந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஓம் சேர். ரீச்சர்தான் சொல்லித் தந்தவ."

அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பது அவர்களுடைய முகங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படிப்பித்தவ என்று நான் சொன்னேன். விடையைச் சொல்லிக் கொடுத்தவ என்று அவர்கள் கேட்டார்கள். யன்னலுக்கு வெளியே மொனிற்றரின் தலை இருந்தது. அவனும் அப்படித்தான் கேட்டான்.

இனி நான் சொல்லவேண்டியது இதுதான். எனக்கு விளங்கிய பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அப்பாவின் கோபம் என்னை விட்டு ரீச்சரின் பக்கம் திரும்புவதைக் கண்டேன். அது அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைதானே என்று நீங்கள் சொல்லலாம். சின்னப் பிள்ளைதான். ஆனால் விளங்கியது.

"சேர்," என்றார் ரீச்சர், "அவன் சொன்னது சரிதான். சொல்லித்தான் குடுத்தநான், பாடத்தை. கேள்வியை வாசிச்சும் காட்டினநான். விடை அவன்ட."

"அப்ப இந்தத் தாள்?"

"அவனை எந்தப் பக்கம் பாத்து இருக்கவைச்சீங்க?"

பெரியசேருக்கு விளங்கவில்லை. ரீச்சர் மேலும் விளக்கவும் இல்லை. குடையை எடுத்தார். "நீங்களே வைச்சுப் பாருங்க சேர். வாங்கை வடக்கே பாத்துப் போடுங்க. அந்த மட்டையைக் குடுங்க. கேள்வியை நீங்களே வாசிங்க. நான் இஞ்ச நிண்டா அதுக்கும் கதை வரும்." சொல்லிவிட்டு இறங்கி, முற்றத்து வெள்ளத்தைக் கடந்து, கேற்றடியில் போய் நின்றார்.

அப்பாவும் பெரியசேருமாக என் வாங்கைத் திருப்பிப் போட்டார்கள். வெறும் மண்டபத்தில் பெரியசேர் நின்றுகொண்டு சொல்வதெழுதல் சொன்னார். அவர் வழக்கமாகச் சொல்லும் வசனம்தான்: பொய் சொல்லக் கூடாது. நான் 'பொ' எழுதுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி ஆற்றுப் பக்கம் பார்த்தேன். தட்டிதான் தெரிந்தது. குனிந்தேன். பேனையை வைக்கப் பயம். மறுகா தலையைத் தூக்கினேன்.

பெரியசேர் நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்துபோய், தட்டியின் கயிற்றை அவிழ்த்து, அதை உயர்த்தித் தடி ஒன்றால் முட்டுக்கொடுத்தார். சாரல் அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்தது. சாம்பல் நிறத்தில், கரை தெரியாமல், ஆறு அங்கே இருந்தது.

"இப்ப எழுது" என்றார்.

எழுதினேன். கொம்பு படுவான் பக்கம், அரவு எழுவான் பக்கம். பிறகு அவர் கணக்குகளை வாசித்தார். முதலில் வேகமாக, பிறகு தானாகவே மெதுவாக. கடைசியில் மட்டைக்குள் தெரிந்த வரியின் கீழ் அவருடைய விரலும் போய்க்கொண்டிருந்தது. அப்பா தூணோடு சாய்ந்து நின்று பார்த்தார். நான் விடை சொன்ன ஒவ்வொரு முறையும் அவருடைய உதடு அசைந்தது. தனக்குள் அவரும் கணக்குப் பார்த்திருக்கிறார்.

திருத்தி முடித்ததும் பெரியசேர் அப்பாவிடம், "ஆறாம் வகுப்புக்குப் போறான்" என்றார். பிறகு வாசலுக்கு வந்து கேற்றடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ரீச்சர், உள்ள வாங்க. நனையிறீங்க."

அந்தக் காலத்து ஆண்கள் மன்னிப்பை அவ்வளவுதான் கேட்பார்கள். ரீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். என் தலையைத் தொட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் யன்னலடியில் கேட்ட கதை அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. பிறகு நடந்ததை யாரும் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ரீச்சர் வரவில்லை, மாற்றம் என்றார்கள். அந்தக் கதையால் போனாரா, பஸ் தூரத்தால் போனாரா, எனக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பதும் ஒரு தண்டனைதான்.

அவரைப் பிறகு ஒருமுறை கண்டேன். படித்து, அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்த புதிது. பெயரைப் பாருங்கள், எழுதுவினைஞர். புளியந்தீவில், மதியச் சாப்பாட்டுக்குக் கந்தோர் நண்பர்களோடு போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற ரீச்சர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அதே குடை போலத்தான் இருந்தது.

"அடே, கவிண்ட தோணி! கொம்பு எந்தப் பக்கம் மனே?"

நண்பர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இடப்பக்கம் ரீச்சர்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஓ. நல்லாத்தான் படிச்சிட்டாய்." பஸ் வந்தது, ஏறிப்போனார். நண்பர்கள் யார் என்று கேட்டார்கள். ஊர் ரீச்சர் ஒருவர் என்றேன். அவர் காலமான செய்தியை நெடுநாள் கழித்துத்தான் அறிந்தேன்.

இவ்வளவும் ஏன் இப்போது? என் பேரனுக்கும் எழுத்தோடு அதே சண்டை. இப்போதெல்லாம் அதற்கொரு பெயர் இருக்கிறது. அவனுடைய பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வினாத்தாளைப் பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு கேள்வியாக அடித்துக் கொடுக்கிறார்கள். தனி அறையில் ஒரு ரீச்சர் வாசித்துக் காட்டுகிறார். கூடுதல் நேரமும் உண்டு. யாரும் கேற்றடியில் போய் நிற்கவேண்டியதில்லை. முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது, சந்தோஷத்தில். என் மகளுக்குத்தான் தயக்கம்.

"அப்பா, இவனுக்கு மட்டும் தனியா எண்டா மற்றப் பிள்ளையள் என்ன கதைக்கும்? சொல்லிக் குடுத்துப் பாஸ் பண்ணினவன் எண்டெல்லோ சொல்லுவாங்க?"

நாம் கூடிச் சிரித்ததற்கு அடுத்த நாள் அவள் இதைக் கேட்டாள். அவளுக்குத்தான் முதலில் இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது, என் எழுத்துமேசை ஏன் எந்த வீட்டுக்குப் போனாலும் வடக்கே பார்த்து இருக்கிறது என்று. அன்றைக்கே சம்மதம் என்று பள்ளிக்கூடத்துக்கு அறிவித்துவிட்டாள்.

இந்த வயதில் யாரையும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. மழையில் தட்டியைத் தூக்கிய பெரியசேருக்கு நன்றி. தூணடியில் நின்று உதட்டை அசைத்த அப்பாவுக்கு நன்றி. மணலில் இருத்தி எனக்கென்று ஒரு திசை தந்த அம்மாவுக்கு நன்றி. வாங்கைத் தூக்கித் திருப்பிய மொனிற்றருக்கும்தான். ரீச்சருக்கு நன்றி சொல்லக் கிடைத்த நேரத்தில் நான் "இடப்பக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

மொனிற்றர், அடுத்த முறை கூடும்போது நீ அதே கதையைத் திரும்ப எடு. எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகவே கேள், அவ சொல்லித் தந்துதானே பாஸ் பண்ணினநீ என்று. பெரியசேருக்குச் சொன்ன அதே விடையைத்தான் உனக்கும் சொல்வேன், இந்தமுறை நிலத்தைப் பார்க்காமல்.

ஓம்டா. ரீச்சர்தான் சொல்லித் தந்தவ.